அகம்பாவமும் உத்தேசமும்

சின்னசேலம் சுற்றுவட்டாரத்தில் மரவள்ளி பயிரிடும் குடியானவர்கள் தங்கள் கிழங்கைக் கண்மதிப்புக்கு விற்றுவிடச் சம்மதிப்பதில்லை. ஜவ்வரிசி ஆலைக்குப் பாரம் போய்ச் சேர்ந்ததும், கிழங்கில் மாதிரி எடுத்து, அதை வெளியில் ஒரு முறையும் தண்ணீரில் அமிழ்த்தி ஒரு முறையும் நிறுத்து, மாவுச் சத்து எத்தனை ‘பாயிண்டு’ என்று கண்ட பிறகே விலை பேசப்படுகிறது. ஒரு பாயிண்டு குறைந்தாலும் குடியானவர் வாய் திறந்து கேட்பார். ஆலைக்காரரும் பதில் சொல்லியாக வேண்டும். “எனக்குப் பார்த்தாலே தெரியும்” என்று எவரேனும் சொன்னால் அந்தப் பேச்சு அங்கே செல்லாது.

கிழங்குக்கு வேண்டுமென்று நாம் வற்புறுத்தும் இந்த அளவுகோலை, மனிதர் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் காரியாலயங்களில் வற்புறுத்துகிறோமா? சர்க்கார் கச்சேரியாயினும், வைத்தியசாலையாயினும், ஆலையாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், கட்சியின் காரியக் கமிட்டியாயினும், அங்கே தீர்மானங்கள் எவ்விதம் பிறக்கின்றன என்பதைச் சற்று உற்று நோக்கினால் மனம் துணுக்குறும். கைவசமுள்ள தகவல் பாதி. மீதிப் பாதிக்கு உத்தேசம். அந்த உத்தேசத்தைச் சொன்னவர் உயர்ந்த நாற்காலியில் இருப்பவராயின், மறுகணமே அது உண்மையென்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. பிறகு அதை மறுப்பது தகவலை மறுப்பதாகாமல், அந்த மனிதரையே அவமதிப்பதாகக் கருதப்படுகிறது. இவ்வாறு உத்தேசமும் அகம்பாவமும் கைகோத்துக்கொண்டு செய்யும் கேட்டிற்கு நம் நாட்டில் கள்ளக்குறிச்சி ஜில்லா கொடுத்த விலை மிகப் பெரிது.

ஊகம் குற்றமன்று

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஊகம் செய்வது குற்றமன்று. மேகத்தைப் பார்த்து மழையை ஊகிக்காத உழவன் இல்லை; நாடியைப் பிடித்து நோயை ஊகிக்காத வைத்தியன் இல்லை. முழுத் தகவலும் வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் உலகில் எந்தக் காரியமும் நடவாது. ஆனால் நல்ல உழவன் தன் ஊகத்தை வரப்பில் நின்று வானத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நல்ல வைத்தியன் மறுநாள் காலையில் நோயாளியை மறுபடியும் பார்த்து, தேவையானால் மருந்தை மாற்றுகிறான். அவர்களுடைய ஊகம் விசாரணையின் தொடக்கம்.

அகம்பாவம் புகுந்த இடத்தில் ஊகமே விசாரணையின் முடிவாகிவிடுகிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனைப் பற்றி நம் கிழவிகள் சிரித்துக்கொண்டு கதை சொல்வார்கள். முயலைப் பொறுத்த மட்டில் சிரிப்புத்தான். அதே மனிதன் கையில் முத்திரையும் கையெழுத்தும் இருந்தால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

நம்முடைய பெருங்காப்பியமாகிய சிலப்பதிகாரத்தின் மதுரைப் பகுதி முழுதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்த அரசனின் அவசரம். விசாரணையின்றி ஓர் ஆணை. கோவலன் மாண்டான். பின்னர் கண்ணகி வந்து வழக்குரைத்தபோதுதான் சிலம்பு உடைக்கப்பட்டது. உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்க்கப்பட்டது. அந்தப் பரீட்சைக்கு ஒரு நாழிகைகூட வேண்டியிருக்கவில்லை. கொலைக்கு முன் நடந்திருக்க வேண்டிய பரீட்சை, கொலைக்குப் பின் நடந்தது, அவ்வளவே வேற்றுமை. ஆயினும் பாண்டியனுக்குரிய பெருமையையும் மறைப்பதற்கில்லை. உண்மை தெரிந்த கணத்தில் அவன் வாதாடவில்லை. பொற்கொல்லன் மேல் பழியைத் தள்ளிவிட்டுத் தப்பவில்லை. தவறு தன்னதே என்று அரியணையிலேயே உயிர் நீத்தான்.

கருணாபுரம்

இனி நம் காலத்துக்கு வருவோம். சின்னசேலம் ரயில் நிலையத்தில் இறங்கி, சாலை வழியே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் சென்றால் கள்ளக்குறிச்சி. 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. ஊருக்குள்ளேயே இருக்கிறது கருணாபுரம். அன்றாடக் கூலிக்குப் போய் வயிறு வளர்க்கும் ஏழை மக்கள் நெருங்கி வாழும் பகுதி.

2024-ம் வருஷம் ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் அங்கே பாக்கெட்டுச் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாந்தியும் வயிற்று வலியும் கண் மங்கலும் வலிப்புமாக விழுந்தார்கள். 19-ம் தேதி காலையில் சாவுச் செய்திகள் வெளிவந்தன. கள்ளச் சாராயமே காரணம் என்று இறந்தவர்களின் வீட்டார் சொன்னார்கள். ஜில்லா நிர்வாகமோ, அதற்கு ஆதாரம் இல்லை என்று பத்திரிகையாளரிடம் அறிவித்தது. ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு, ஒருவருக்கு வலிப்பு, ஒருவருக்கு முதுமை என்ற வகையில் வேறு காரணங்கள் கூறப்பட்டதாகப் பத்திரிகைகள் வெளியிட்டன.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்த அறிவிப்பு பொய்த்தது. மெத்தனால் என்னும் விஷம் கலந்த சாராயமே என்று ஊர்ஜிதமாயிற்று. கள்ளக்குறிச்சி வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. நோயாளிகளை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் வண்டிகள் புதுச்சேரி ஜிப்மருக்கும், விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும், சின்னசேலத்தைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலை வழியே சேலத்துக்கும் விரைந்தன. இறுதியில் மாண்டவர்கள் அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெண்களும் உண்டு.

இங்கே மெத்தனாலின் தன்மையைச் சிறிது விளக்குவது அவசியம். அது வயிற்றில் போன உடனே கொல்வதில்லை. உடலிலுள்ள நொதிகள் அதைப் படிப்படியாக மாற்றி, கடைசியில் பார்மிக் அமிலமாக்குகின்றன. கண்ணின் நரம்பை அழிப்பதும், இரத்தத்தைப் புளிக்கச் செய்து உயிரை வாங்குவதும் அந்த அமிலமே. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கிறது. அந்த மணி நேரங்களே வைத்தியனுக்குக் கிடைத்த அவகாசம். அந்த மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் மாற்று மருந்துகள் உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிஸிஸ் உண்டு. நோயாளி வைத்தியசாலைக்குச் சீக்கிரம் வந்தால் பலரைக் காப்பாற்றலாம். பார்வை மங்கிய பிறகு, நினைவு தப்பிய பிறகு வந்தால் பயன் குறைவு.

ஆகையால் அன்று காலை தேவைப்பட்டது ஒரே ஒரு அறிவிப்பு: “சாவுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை, சாராயமாக இருக்கலாம், குடித்தவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும், உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள், மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள்.” இதைச் சொல்வதற்குப் பரிசோதனைச் சாலையின் அறிக்கை வேண்டியதில்லை. ஆனால் சாராயம் காரணமென்பதற்கு ஆதாரம் இல்லை என்று சர்க்காரே சொல்லக் கேட்டவன், குடிசையில் மீந்திருக்கும் பாக்கெட்டைக் கொட்டுவதற்குக் காரணம் எதையும் காணமாட்டான். முதலில் இறந்தவர்களின் வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வயிற்று வலி, வலிப்பு என்று வேறு காரணங்களாகக் கூறப்பட்டவை மெத்தனால் விஷத்தின் குறிகளேயாகும். நோயின் குறியையே நோய்க்கு மறுப்பாகக் கொண்டது அந்த உத்தேசம். முன் அனுபவம் இல்லாத ஜில்லாவென்றும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வருஷம் முன்னர்தான், 2023 மே மாதத்தில், பக்கத்து விழுப்புரம் ஜில்லாவின் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இதே மெத்தனால் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

எந்த ஒரு தனி அதிகாரியின் மனத்தையும் திறந்து பார்த்து, அங்கே அகம்பாவம் இருந்தது என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. அவர் கீழ் உத்தியோகஸ்தர்கள் கொடுத்த தகவலை நம்பியே பேசியிருக்கலாம். நம் கேள்வி அதைவிடப் பெரியது. ஒரு கச்சேரியில் ‘எங்கள் எல்லைக்குள் சாராயம் இல்லை’ என்ற சொல் பலமுறை மேலே எழுதி அனுப்பப்பட்டுவிட்ட பிறகு, ‘இருக்கிறது’ என்று சொல்லக் கீழேயுள்ள எவனுக்குத் துணிவு வரும்? கச்சேரியின் கௌரவம் என்பது தனி மனிதனின் அகம்பாவத்தைவிடப் பொல்லாதது. தனி மனிதனுக்காவது இரவில் மனச்சாட்சி உறுத்தும். கச்சேரிக்கு அதுவும் இல்லை.

வீதியின் ஊகம்

உத்தியோகஸ்தர்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2022 ஜூலையில், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு பள்ளி மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே கைபேசிகளில் ஊகங்கள் பறந்தன. ஒவ்வொருவரும் நேரில் கண்டவர்போலப் பேசினார்கள். ஜூலை 17-ம் தேதியன்று பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பஸ்கள் எரிந்தன, பள்ளிச் சாமான்கள் சூறையாடப்பட்டன, வேறு எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் தீக்கு இரையாயின. போலீஸார் பலர் காயமுற்றனர். நியாயம் கேட்கக் கிளம்பிய துக்கம், எவன் துக்கத்துக்கும் நியாயம் செய்யாத நெருப்பாக முடிந்தது.

இந்த இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தொடர்பு புலப்படும். முன்னதில் வீதி ஊகித்தது; பின்னதில் கச்சேரி ஊகித்தது. வீதி ஊகிப்பதற்குக் காரணம் கச்சேரியின் பேச்சில் ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லாமை. நம்பிக்கை இல்லாமைக்குக் காரணம், கச்சேரி தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் முன்பு பலமுறை பேசியமை. ‘இன்னும் தெரியவில்லை, இன்ன தேதியில் தெரியும்’ என்று ஒளிவின்றிப் பேசும் வழக்கமுள்ள சர்க்காரின் வார்த்தைக்கு, நெருக்கடி வந்த நாளில் மதிப்பிருக்கும்.

இரண்டு சந்தர்ப்பங்களிலும் நடவடிக்கை என்ன? 2022-ல் ஜில்லாவின் கலெக்டரும் போலீஸ் சூப்பரிண்டெண்டும் மாற்றப்பட்டனர். 2024-ல் கலெக்டர் மாற்றப்பட்டார். போலீஸ் சூப்பரிண்டெண்டு தாற்காலிகமாக நீக்கப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. நவம்பர் 20-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் நாற்காலியில் இருப்பவரை மாற்றியதால் நாற்காலியின் குணம் மாறிவிடுமா? புதிதாக வருகிறவரும் அதே தகவல் வழியை நம்பி, அதே கௌரவத்தைக் காக்க வேண்டியவராகவே வந்து உட்காருகிறார். மாட்டை மாற்றிவிட்டு வண்டியின் அச்சை அப்படியே விட்டதற்கு ஒப்பாகும் இது.

மலையைப் பற்றிய ஊகம்

கள்ளச் சாராயம் என்றவுடன் கல்வராயன் மலையைச் சுட்டிக்காட்டுவது சமவெளியில் வெகுநாளைய வழக்கம். மலையில் ஊறல் போட்டவர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்த மெத்தனால் மலைப் பானையில் காய்ச்சியதன்று, தொழிற்சாலைச் சரக்கு. அது சமவெளியின் சாலைகளில், சமவெளியின் வியாபாரிகள் கைமாற்றி வந்தது. பழைய ஊகத்தின்படி மலையையே பார்த்துக்கொண்டிருக்கும் காவல், பின்புறமாக நகரத்துக்குள் நுழைவதை எப்படிக் காணும்?

மலைவாசிகளைப் பற்றிய இத்தகைய ஊகங்களுக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. இந்தியா சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது வருஷங்கள் வரை, 1976 வரையில், அந்த மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. அதன் பின்னரும் சாலைக்கும் வைத்தியத்துக்கும் பள்ளிக்கும் அம்மக்கள் ஏங்கியே நின்றார்கள். 2024 ஜூலையில், சாராயச் சாவுகளுக்குப் பிறகு, அம்மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்கியது. நேரில் போய்ப் பார்க்காமல், ‘அவர்கள் அப்படித்தான்’ என்று ஒரு ஜனசமூகத்தைப் பற்றிக் கீழே உட்கார்ந்து முடிவு கட்டுவதும் அகம்பாவத்தின் ஒரு வடிவமே. அது எழுத்தில் இராது. வசூல் புத்தகத்திலும் வழக்குப் பதிவேட்டிலும் மட்டும் அதன் அடிச்சுவடு தெரியும்.

படித்தவர்களின் அகம்பாவம்

கல்வி மிகுந்தால் இந்தக் குறை நீங்கிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. சரித்திரம் அதை ஒப்பவில்லை. 1847-ல் வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவித்த தாய்மார் ஜன்னி கண்டு இறப்பதன் காரணத்தைத் தேடினார். பிணங்களை அறுத்துப் பரிசோதித்த கையோடு வைத்தியர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று கண்டார். குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவும்படி விதித்தார். அவ்வருஷம் ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூலையில் நூற்றுக்கு ஒன்றென்ற அளவுக்கு இறங்கியது. இதைவிடத் தெளிந்த கணக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் பெரிய வைத்தியர்கள் பலர் ஏற்கவில்லை. ஏற்றால், இதுவரை இறந்த தாய்மாரைக் கொன்றது தங்கள் கைகளே என்றும் ஏற்க வேண்டும். கெட்ட காற்று என்ற பழைய உத்தேசம் அவர்களுடைய கௌரவத்துக்குச் சௌகரியமாக இருந்தது. செம்மல்வைஸ் 1865-ல் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1986 ஜனவரி 27-ம் தேதி இரவு, ‘சாலஞ்சர்’ விண்கலத்தின் ராக்கெட்டுகளைச் செய்த கம்பெனியின் எஞ்சினியர்கள், மறுநாட் காலைக் குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளிலுள்ள இரப்பர் வளையங்கள் இறுகிப்போகும், ஏவ வேண்டாம் என்று எச்சரித்தார்கள். முன்பே பலமுறை தேதி தள்ளிப் போயிருந்தது, மேலிடத்தார் சலித்துக்கொண்டார்கள். கம்பெனியின் மானேஜர்கள் தனியே கலந்து, எஞ்சினியர்களின் பேச்சைத் தள்ளிவிட்டுச் சம்மதம் கொடுத்தார்கள். மறுநாள் 73 விநாடிகளில் கலம் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். உண்மை அந்தக் காரியாலயத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் அது இருந்தது கீழ்ப்படியில். தீர்மானம் நடந்தது மேல்படியில்.

தோல்வியைத் தாங்கிய தலைவர்

இருட்டை மட்டும் காட்டிவிட்டு நிற்பது நமக்கு வழக்கமன்று. நம் நாட்டிலேயே வேறு விதமான உதாரணமும் இருக்கிறது. 1979 ஆகஸ்டு 10-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டாகிய எஸ்.எல்.வி.-3 ஏவுவதற்குச் சித்தமாக நின்றது. இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் திட்டத்தின் தலைவர். கடைசி நேரத்தில் கணிப்பொறி, ஒரு பகுதியில் கசிவு இருப்பதாகக் காட்டி, ஏவுதலை நிறுத்தியது. பக்கத்திலிருந்த நிபுணர்கள், இருப்பில் போதிய திரவம் இருக்கிறது, போகலாம் என்றார்கள். கலாம் கணிப்பொறியின் தடையை மீறி ஏவச் சொன்னார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

அன்று பத்திரிகையாளர் கூட்டத்தில் கலாமை முன்னே தள்ளிவிட்டுத் தப்பியிருக்கலாம், இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். அவர் அவ்வாறு செய்யவில்லை. தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றுப் பேசினார். 1980 ஜூலை 18-ம் தேதி அதே ராக்கெட் ரோகிணிச் செயற்கைக்கோளை வெற்றியுடன் வானில் நிறுத்தியபோதோ, பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவைத்தார். பின்னாளில் குடியரசின் தலைவராக உயர்ந்த கலாம், தாம் கணிப்பொறியை மீறிய கதையைப் பல மேடைகளில் தம் வாயாலேயே சொல்லி இளைஞர்களுக்குப் பாடமாக்கினார். அந்தப் பெரியவர்கள் தவறே செய்யாதவர்கள் அல்லர். தவறைப் பார்ப்பதற்கு அவர்களுடைய கௌரவம் குறுக்கே நிற்கவில்லை. ஆகவே பதினோரு மாதத்தில் தவறு திருந்தியது. தலைவன் பழியை ஏற்கும் இடத்தில்தான் கீழ்நிலையில் இருப்பவன் உண்மையைச் சொல்லத் துணிவான் என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

செய்ய வேண்டியது என்ன?

நல்ல மனிதர்கள் வரட்டும் என்று காத்திருப்பது அரசியலாகாது. நடுத்தர மனிதர்களும் நல்ல தீர்மானம் செய்யும்படியான முறைகளை ஏற்படுத்துவதே அரசியல்.

முதலாவது, எந்தக் குறிப்பிலும் கண்டது, கேட்டது, கருதியது என்ற மூன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். ‘சாராயம் விற்பனை இல்லை’ என்று எழுதும் உத்தியோகஸ்தர், போய்ப் பார்த்து எழுதுகிறாரா, யாரோ சொல்லி எழுதுகிறாரா, அப்படியிருக்கும் என்று நினைத்து எழுதுகிறாரா என்பது அந்தக் காகிதத்திலேயே தெரியவேண்டும். இந்த ஒரு வழக்கம் வந்தால் பாதிப் பொய்கள் பேனா முனையிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, ஆலோசனைக் கூட்டத்தில் கடைசிப் படியில் இருப்பவர் முதலில் பேச வேண்டும். கலெக்டர் முதலில் அபிப்பிராயம் சொல்லிவிட்டால், கிராம நிர்வாக அலுவலரின் வாயிலிருந்து அதன் எதிரொலிதான் வரும். வைத்தியசாலையில் இரவு முழுதும் கண்விழித்த தாதியும், தெருவில் திரியும் சுகாதார ஊழியரும் அறிந்ததைப் பெரியவர்கள் அறிந்துகொள்ள வேறு வழியில்லை.

மூன்றாவது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சந்தேகத்தின் பலன் ஆபத்தின் பக்கமே சேரவேண்டும். இல்லாத விஷத்தை இருக்கிறதென்று எச்சரித்தால் ஒரு நாளைய பரிகாசத்தோடு போகும். இருக்கும் விஷத்தை இல்லையென்று சொன்னால் சுடுகாட்டில் இடம் போதாது. இந்த இரண்டு தவறுகளும் சமமானவை என்று கருதும் நிர்வாகம் கணக்கு அறியாதது.

நான்காவது, பெரிய மாற்றங்களைச் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். சின்னசேலத்துக்கு மேற்கே, எல்லைக்கு அப்பாலுள்ள சேலம் ஜில்லாவில்தான் 1937 அக்டோபர் முதல் தேதி இராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கியது. தம் கொள்கையில் அவரைவிட உறுதி படைத்தவர் அரியர். ஆயினும் மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் ஆணையிடாமல், ஒரு ஜில்லாவில் நடத்திப் பார்த்து, அதற்குப் பின்னரே சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று விரித்தார். அக்கொள்கையை ஏற்போரும் ஏற்காதோரும் அந்த முறையைப் பாராட்டலாம்.

ஐந்தாவது, சொன்னதை மாற்றிக்கொள்பவரைக் கோழை என்று ஏசும் வழக்கத்தை நாம் விடவேண்டும். இந்தக் குற்றம் பத்திரிகைகளுக்கும் உண்டு; அரசியல் மேடைகளுக்கும் உண்டு. காலையில் சொன்னதை மாலையில் திருத்திக்கொண்ட அதிகாரியை எள்ளி நகையாடினால், அடுத்த அதிகாரி காலையில் சொன்னதையே நள்ளிரவு வரை கட்டிக்கொண்டு அழுவார். நாம் நகையாடும் ஒவ்வொரு திருத்தமும், வரப்போகும் ஒரு பிடிவாதத்துக்கு விதை.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள், இது கச்சேரிக்காரர்களுக்குச் சொல்லும் உபதேசம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் கட்சிக் கமிட்டிகளும், தொழிற் சங்கங்களும், கிராமச் சபைகளும் வேறு மண்ணால் ஆனவை அல்ல. ஒரு தாலூக்காவில் எத்தனை பேர் நம்மோடு இருக்கிறார்கள் என்று கேட்டால், எண்ணிப் பார்த்துச் சொல்கிறோமா, தலைவர் முகம் மலரும்படி சொல்கிறோமா? ஒரு வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தொழிலாளியின் வீட்டு அரிசிப் பானையைப் பார்த்துத் தீர்மானிக்கிறோமா, மேடையின் கைதட்டலைக் கேட்டுத் தீர்மானிக்கிறோமா? கமிட்டியில் எதிர் அபிப்பிராயம் சொன்ன இளைஞனை மறு கூட்டத்துக்கு அழைக்கிறோமா? இந்தக் கேள்விகளுக்கு அவரவர் நெஞ்சே பதில் சொல்லட்டும். ஆட்சி கைக்கு வந்த பின் கற்றுக்கொள்ளலாம் என்று விட்ட பாடம் பிறகு கற்கப்படுவதில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டுச் சிறுவர்க்கும் தெரிந்த பழமொழி. வள்ளுவர் தெரிந்து செயல்வகைக்கும், தெரிந்து தெளிதலுக்கும், தெரிந்து வினையாடலுக்கும் தனித்தனியே மூன்று அதிகாரங்கள் வகுத்தார். மூன்றிலும் முதலில் நிற்கும் சொல் ‘தெரிந்து’ என்பது. தெரியாதபோது என்ன செய்வது? தெரியாது என்று சொல்வது, தெரிந்துகொள்ள ஆளனுப்புவது, அதுவரை ஜனங்களை ஆபத்திலிருந்து விலக்கி வைப்பது. இம்மூன்றையும் செய்வதற்குப் பெரிய படிப்பும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். சிறிது அடக்கம் போதும். அந்தச் சிறிது அடக்கம் இல்லாத ஒரு காலைப் பொழுதின் விளைவைக் கருணாபுரத்துத் தாய்மார்களும் குழந்தைகளும் ஆயுள் முழுதும் அனுபவிக்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த பத்து லட்ச ரூபாய் ஒரு குடும்பத்தின் கடனைத் தீர்க்கலாம். நிர்வாகத்தின் கடன் தீரவேண்டுமானால், இனி ஒரு கச்சேரியிலாவது, ஓர் அதிகாரியாவது, பத்திரிகையாளர் முன் நின்று, “எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆனால் நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள்” என்று கூச்சமின்றிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னவரை நாமும் மதிக்க வேண்டும்.